தூக்கு, ஆயுள், விடுதலை: கொலை வழக்கு மேல்முறையீட்டில் உண்மையில் என்ன நடக்கிறது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: உடுமலை சங்கர் கொலை வழக்கில் வெட்டியது கேமராவில் அப்படியே பதிவாகியிருந்தது. கீழ் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு கொடுத்தது. உயர் நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்துவிட்டு மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. கோகுல்ராஜ் வழக்கிலோ கொலையை நேரில் பார்த்த சாட்சி கிடையாது, முக்கியச் சாட்சியும் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ் சாட்சியாகிவிட்டார். இருந்தும் அங்கே தண்டனை நின்றது. இரண்டையும் தீர்மானித்தது அதே சென்னை உயர் நீதிமன்றம். சாட்சிகளை நேரில் பார்க்காமல், காகிதத்தைப் படித்தே இப்படி முடிவெடுப்பது எப்படி நியாயம்?

கிரிமினல் மேல்முறையீடுகளே என் பிழைப்பு என்பதால் இந்தக் கேள்வியை டீக்கடை முதல் கல்யாண மண்டபம் வரை கேட்டிருக்கிறேன். நேரடியாகச் சொல்கிறேன். கேமரா காட்டுவது வெட்டியவனை. அனுப்பியது யார் என்பது கேமராவில் விழாது. அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். மேல்முறையீட்டில் நீதிபதிகள் கேட்பது "கொலை நடந்ததா?" என்பதை அல்ல. ஒவ்வொரு எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) மேலும் உள்ள ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக, "இவர் இதைச் செய்தார் என்பதற்கு நம்பத்தகுந்த சாட்சியம் எது?" என்று கேட்கிறார்கள்.

உடுமலை வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2016 மார்ச் 13 அன்று, சாதி மறுப்புத் திருமணம் செய்திருந்த பட்டியல் சாதி இளைஞர் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியும் படுகாயமடைந்தார். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூக்கு பெற்ற ஆறு பேரில் பெண்ணின் தந்தையும் ஒருவர். அமர்வு நீதிமன்றம் தூக்கு விதித்தால் எதிரி மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்த வழக்கு தானாகவே உயர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே குறைந்தது இரண்டு நீதிபதிகள் உறுதி செய்யாமல் அந்தத் தண்டனையை நிறைவேற்ற முடியாது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் அது 366ஆம் பிரிவு.

2020 ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம் சொன்னதில் இரண்டு பகுதிகள் உண்டு. செய்திகளில் அவை ஒன்றாகக் குழம்பிவிட்டன. வெட்டிய கும்பலைப் பொறுத்தவரை கொலைக் குற்றம் நிரூபணமானது என்பதில் மாற்றமில்லை, தண்டனை மட்டும் மாறியது: தூக்குக்குப் பதில், 25 ஆண்டுகள் வரை எந்தத் தண்டனைக் குறைப்பும் கிடைக்காத ஆயுள். இப்படி "இத்தனை ஆண்டு வரை சலுகையே கூடாது" என்று ஆயுளுக்குப் பூட்டுப் போடும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும்தான் உண்டு, அமர்வு நீதிபதிக்கு இல்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளின் விடுதலையை ஒட்டி எழுந்த ஸ்ரீஹரன் வழக்கில், 2015 டிசம்பரில், உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது.

இரண்டாவது பகுதி சதி. தந்தை மேல் இருந்த வழக்கு பழைய தண்டனைச் சட்டத்தின் 120பி, அதாவது கூட்டுச் சதி. சதிக்கு நேரடிச் சாட்சி பெரும்பாலும் கிடைக்காது, நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு யாரும் சதி செய்வதில்லை. ஆகவே சந்திப்பு, பணம், போன் தொடர்பு என்று சூழ்நிலைகளால்தான் அதைக் கட்டி எழுப்ப வேண்டும். அந்தக் கட்டுமானம் நிற்கவில்லை என்று சொல்லி உயர் நீதிமன்றம் அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. தமிழ்நாடு அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வந்த நாளில் எழுந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நோக்கம் இருந்தது என்பது ஊருக்கே தெரிவது வேறு, உடன்பாடு நடந்தது என்பதற்குக் கோப்பில் சாட்சியம் இருப்பது வேறு. நோக்கத்தை வைத்துச் சதியை ஊகிக்க நீதிமன்றத்துக்கு அனுமதி இல்லை. அனுமதித்தால் நாளை அது யார் மேலும் பாயும்.

இனி கோகுல்ராஜ் வழக்கு. ஓமலூரைச் சேர்ந்த பட்டியல் சாதிப் பொறியியல் பட்டதாரி. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருந்தவர், அங்கிருந்து கடத்தப்பட்டு, மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் தலை துண்டிக்கப்பட்ட நிலையில் கிடந்தார். முதலில் தற்கொலை போலத் தோன்றிய வழக்கு. நேரில் பார்த்த சாட்சி இல்லை. கடைசியாக உடனிருந்த தோழி நீதிமன்றத்தில் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

"காகிதத்தை மட்டும் படிக்கிறார்கள்" என்ற குறைக்கு இந்த மேல்முறையீட்டிலேயே பதில் இருக்கிறது. நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் கோயிலுக்கும் ரயில் பாதைக்கும் நேரில் போய்ப் பார்த்தார்கள். கேமரா எங்கே இருந்தது, எந்த வாசலில் யார் தெரிவார்கள் என்று நின்று கவனித்தார்கள். பிறழ்ந்த சாட்சியைத் தங்கள் முன் மீண்டும் வரவழைத்து, கேமராக் காட்சிகளைப் போட்டுக் காட்டி விசாரித்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் தேவைப்பட்டால் கூடுதல் சாட்சியம் பதிவு செய்யலாம் என்று பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 391ஆம் பிரிவு சொன்னது. அது வெறும் அலங்காரப் பிரிவு என்றுதான் எங்களில் பலர் அதுவரை நினைத்திருந்தோம். 2023 ஜூன் 2 அன்று முதல் எதிரி உள்ளிட்ட பெரும்பாலானோரின் தண்டனை உறுதியானது.

நேரடிச் சாட்சி இல்லாத வழக்குக்கு அளவுகோல் 1984இல் உச்ச நீதிமன்றம் சாரதா வழக்கில் வகுத்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும், எல்லாம் சேர்ந்து குற்றத்தை மட்டுமே சுட்ட வேண்டும், எதிரி நிரபராதியாக இருக்கக்கூடும் என்ற நியாயமான வேறு எந்த ஊகத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. "இவர் செய்திருக்கலாம்" என்பதற்கும் "இவர்தான் செய்தார்" என்பதற்கும் நடுவிலுள்ள தூரத்தை அரசுத் தரப்புதான் கடக்க வேண்டும். கோகுல்ராஜ் வழக்கில் ஒரு சாட்சி பிறழ்ந்தும் சங்கிலி அறுபடவில்லை. உடுமலையில் கொலைக்கான சங்கிலி அறுபடவில்லை, சதிக்கான சங்கிலி அறுந்தது. முரண்போலத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே விதியின் விளைவு.

இப்போது அந்தக் "காகிதம்" பற்றி. மேல்முறையீடு அனுமதிக்கப்பட்டதும் கீழ் நீதிமன்றக் கோப்பு முழுவதும் வரவழைக்கப்பட்டு, பேப்பர் புக் தயாராகும். குற்றப்பத்திரிகை, அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) தொடங்கி எல்லாச் சாட்சிகளின் வாக்குமூலம், குறுக்கு விசாரணை, மகஜர்கள் (பொருள்களைக் கைப்பற்றியதற்கான பதிவுகள்), பிரேதப் பரிசோதனைச் சான்று, தீர்ப்பு எல்லாம் அதில் இருக்கும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் ஜூனியர்கள் தீர்ப்பிலிருந்து படிக்கத் தொடங்குவார்கள். நான் அப்படிப் படிப்பதில்லை. முதல் தகவல் அறிக்கையின் கடைசிப் பக்கம், அதில் மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கும் தேதியும் மணியும்தான் நான் முதலில் தேடுவது.

ஏனென்றால் கொலை வழக்கு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்திலேயே ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது. கொலை வழக்கின் முதல் தகவல் அறிக்கை உடனே மாஜிஸ்திரேட்டுக்குப் போயாக வேண்டும். ராத்திரியானால் கான்ஸ்டபிள் அவர் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போவார். மாலை 6 மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் அறிக்கை, பக்கத்துத் தெருவில் இருக்கும் மாஜிஸ்திரேட் கைக்கு மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்திருந்தால் கேள்வி எழும்: நடுவில் இருந்த நேரத்தில் என்ன நடந்தது? யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று உட்கார்ந்து பேசினார்களா? பிரேத விசாரணை அறிக்கையில் குற்ற எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தாலோ, நேரில் பார்த்ததாகச் சொல்லும் சாட்சியின் பெயரே அதில் இல்லாவிட்டாலோ சந்தேகம் இரட்டிப்பாகும். தாமதத்துக்கு நம்பும்படியான விளக்கம் இருந்தால் வழக்கு தப்பிக்கும். வண்டி கிடைக்கவில்லை, காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்பதெல்லாம் மனிதர்கள் செய்வதுதான். நீதிபதிகளும் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

விளக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மூர் வழக்கு ஒன்று நாடு முழுக்க மேற்கோளாகிறது. 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த துலியா காளி வழக்கு. சேலம் அமர்வு நீதிமன்றம் தூக்கு கொடுத்தது, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. போலீஸ் ஸ்டேஷன் இரண்டு மைல் தூரத்தில்தான். புகார் போனதோ 20 மணி நேரத்துக்கும் மேல் கழித்து. தாமதமாகும் புகாரில் நடந்தது மங்கி, பின்னால் யோசித்துச் சேர்த்தது புகுந்துவிடும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் எதிரியை விடுவித்தது. தூக்குக் கயிற்றுக்கும் விடுதலைக்கும் நடுவே நின்றது அந்த 20 மணி நேரம்.

அடுத்தது ஆயுதம். "எதிரி கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் அரிவாள் கைப்பற்றப்பட்டது" என்ற வரி இல்லாத குற்றப்பத்திரிகை தமிழ்நாட்டில் அபூர்வம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது. ஆனால் அதனால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் கண்டெடுக்க வழிவகுத்த அளவு மட்டும் ஏற்கப்படும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அது. இதன் எல்லையை வரைந்ததும் அன்றைய மெட்ராஸ் மாகாணத்திலிருந்து, அப்போது லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போன புலுக்குரி கொட்டய்யா வழக்குதான். கத்தியை இன்ன இடத்தில் ஒளித்து வைத்தேன் என்பது ஏற்கத்தக்கது, அந்தக் கத்தியால்தான் குத்தினேன் என்பது ஏற்கத்தக்கதல்ல. இந்தக் கோட்டைத் தாண்டி முழு ஒப்புதலையும் படித்துவிட்டு எழுதப்பட்ட தீர்ப்புகள் இன்றும் வருகின்றன. மேல்முறையீட்டில் அந்தப் பகுதி அப்படியே வெட்டி எறியப்படும். மிச்சம் இருப்பதில் தண்டனை நிற்குமா என்பதுதான் பிறகு விவாதம்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது: கிராம நிர்வாக அலுவலரிடம் ஒப்புதல். எதிரி தலைமறைவாக இருந்து, திடீரென மனம் வருந்தி, முன்பின் தெரியாத வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு நடந்து போய், கொலையை விலாவாரியாகச் சொல்ல, அவர் அதை எழுதிக்கொண்டு ஆளையும் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். வி.ஏ.ஓ. போலீஸ்காரர் அல்ல என்பதால் சட்டப்படி அதற்குத் தடையில்லை. ஆனால் "இவரிடம் போய் ஏன் சொல்ல வேண்டும்?" என்று நீதிபதி கேட்கும்போது அரசு வழக்கறிஞர் பக்கத்தைப் புரட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேறு சாட்சியம் தாங்கிப் பிடித்தால் அது உதவும். அது மட்டுமே தூண் என்றால் கட்டடம் ஆடும்.

சாட்சிகள் விஷயத்தில் மக்கள் நினைப்பதற்கும் சட்டத்துக்கும் தூரம் அதிகம். "ஒரே ஒரு சாட்சிதானே, அதுவும் பெண்டாட்டி" என்று எதிரித் தரப்புக் குடும்பங்கள் நம்பிக்கையோடு வருவார்கள். எண்ணிக்கை ஒரு பொருட்டே அல்ல. 1957இல் வடிவேலு தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்றாகப் பிரித்தது: முழுக்க நம்பலாம் என்பவர், நம்பவே முடியாதவர், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர். முதல் வகையில் ஒருவர் இருந்தால் போதும், தண்டனை நிற்கும். மூன்றாம் வகைக்குத்தான் வேறு ஆதாரத்தின் துணை தேவை. உறவினர் என்பதாலேயே சாட்சியம் தள்ளுபடியாகாது, சொந்தக்காரர் உண்மைக் குற்றவாளியை விட்டுவிட்டு வேறொருவரை ஏன் மாட்டிவிட வேண்டும் என்றுதான் நீதிமன்றம் யோசிக்கும். பிறழ் சாட்சியின் வார்த்தைகளில்கூட மற்ற ஆதாரங்களோடு பொருந்தும் பகுதியை எடுத்துக்கொள்ளலாம்.

சாட்சியின் முகத்தையும் தடுமாற்றத்தையும் நேரில் பார்த்தவர் அமர்வு நீதிபதி என்பதை உயர் நீதிமன்றம் மதிக்கிறது. ஆனால் முகத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை, காயச் சான்றோடு மோதினால் காயச் சான்றுதான் ஜெயிக்கும். மூன்று பேர் அரிவாளால் வெட்டினார்கள் என்று சாட்சி சொல்ல, உடம்பில் ஒரே ஒரு குத்துக்காயம் இருந்தால், பேச்சு எவ்வளவு உருக்கமாக இருந்தென்ன?

எல்லா மேல்முறையீடும் "விடுதலை அல்லது உறுதி" என்று முடிவதில்லை. கணிசமானவை பழைய தண்டனைச் சட்டத்தின் 302இலிருந்து 304க்கு இறங்குகின்றன. கொலை, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகிறது. திடீர்ச் சண்டையில் கையில் கிடைத்த கட்டையால் ஒரே அடி, ஆள் இறந்துவிட்டார் என்பது வழக்கமான உதாரணம். கணவன் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்துக்கொண்ட தாய் மீதான வழக்கு ஒன்றில், 1989இல் சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காள் கதையையே தீர்ப்புக்குள் கொண்டுவந்தது. திடீர்ச் சினம் மட்டுமல்ல, நாள்பட்டு உள்ளே புழுங்கிய ஆத்திரமும் கொலைக் குற்றத்தைக் குறைக்கும் என்று அது சொன்னது. இந்தக் கோட்பாட்டை வேறு மாநிலத்து நண்பர்களிடம் சொன்னால் வியப்பாகக் கேட்பார்கள்.

எதிர்த்திசையிலும் நடக்கும். சரவண பவன் அதிபர் ராஜகோபால் வழக்கில் பூந்தமல்லி நீதிமன்றம் 2004இல் 304ஆம் பிரிவில் பத்தாண்டு கொடுத்தது. 2009இல் உயர் நீதிமன்றம் அதைக் கொலை என்று கொண்டு ஆயுளாக்கியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, அவர் அதே ஆண்டு ஜூலையில் இறந்தார். "மேல்முறையீடு போட்டால் தண்டனை கூடிவிடுமா?" என்று பயப்படுகிறவர்களுக்காக ஒன்று: எதிரி மட்டும் போட்ட மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்ட முடியாது. அரசு தனியாக மேல்முறையீடு செய்திருக்க வேண்டும், அல்லது உயர் நீதிமன்றம் தானாகச் சீராய்வு எடுத்து எதிரிக்கு நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கும் இன்று வழி இருக்கிறது. விடுதலையை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் விடுதலையைத் திருப்புவது கடினம். சாட்சியத்தைப் பார்த்து இரண்டு முடிவுக்கும் வர நியாயம் இருந்தால், கீழ் நீதிமன்றம் விடுவித்ததை மாற்றக் கூடாது என்பது விதி. இது அநியாயம் என்று என்னிடம் சண்டை போட்ட தாய்மார்கள் உண்டு. அவர்களுக்கு முன்னால் விதியை விளக்கிக்கொண்டு நிற்பது சுலபமல்ல.

கடைசியாக, நடைமுறைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் பின்பாதியில் உறவினர் ஒருவர் சிறையில் இருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். ஆயுள் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் 60 நாளுக்குள் மேல்முறையீடு போட வேண்டும், தூக்கென்றால் 30 நாள். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்பு கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால் சிறை அதிகாரி மூலமாகவே மனு அனுப்பலாம், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தும். வக்கீல் வரவில்லை என்பதற்காக மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ய முடியாது, கோப்பைப் படித்துத் தகுதி அடிப்படையில்தான் முடிக்க வேண்டும் என்று 1996இல் பானி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. கொலை இப்போது 103, மேல்முறையீடு 415. பழைய வழக்குத் தீர்ப்பு நகலில் பழைய எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மேல்முறையீட்டோடு சேர்த்துத் தண்டனையை நிறுத்தி வைக்கும் மனுவும் போடுவார்கள். பேச்சுவழக்கில் ஜாமீன். இது விசாரணைக்கு முந்தைய ஜாமீன் மாதிரி அல்ல. குற்றவாளி என்று தீர்ப்பு வந்துவிட்டதால் நிரபராதி என்ற அனுமானம் கூட வராது, அரசு வழக்கறிஞரையும் கேட்டாக வேண்டும். தீர்ப்பில் மேலோட்டமாகவே தெரியும் ஓட்டை இருந்தால், அல்லது மேல்முறையீடு பல ஆண்டு நிலுவையில் கிடந்தால் வாய்ப்பு கூடும். ஐந்தாறு வருடம் உள்ளே வைத்துவிட்டு, கடைசியில் குற்றமே செய்யவில்லை என்று சொல்வது நீதியாகுமா என்று 1977இல் காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே கேட்டது. முதல் மனு தள்ளுபடியானால் சில காலம் கழித்து மறுபடி போடலாம். வாங்கித் தந்துவிடுவேன் என்று முன்கூட்டியே உறுதி சொல்லிப் பணம் கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

உயர் நீதிமன்றத்திலும் தோற்றால் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அது இரண்டாவது மேல்முறையீடு என்று நினைக்கக் கூடாது. பெரும்பாலும், உயர் நீதிமன்றம் விடுதலையைத் திருப்பித் தூக்கோ, ஆயுளோ, பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை கொடுத்தால்தான் உரிமையாகப் போக முடியும். மற்றபடி அரசியல் சாசனத்தின் 136ஆம் சரத்தின் கீழ் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும், இரண்டு நீதிமன்றங்கள் ஒரே முடிவுக்கு வந்த விஷயத்தில் அது எளிதில் கிடைக்காது. அதனால் உங்கள் உறவினர் வழக்கில் பேப்பர் புக் கைக்கு வந்ததும் அதை ஒருமுறை வீட்டிலேயே உட்கார்ந்து படித்துப் பாருங்கள். புகார் கொடுத்த நேரம், மாஜிஸ்திரேட் வாங்கிய நேரம், கைது செய்ததாகச் சொல்லும் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். குறிப்பாகக் கைது நேரம். போலீஸ் எப்போது வீட்டுக்கு வந்து அழைத்துப் போனது என்பது உங்களுக்குத் தெரியும், கோப்பில் வேறு மாதிரி இருந்தால் அதைக் கீழ் நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் கேட்டார்களா என்று பாருங்கள்.